அம்மாவுக்கு வாசிக்காத கடதாசி

பதினொரு வயதில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் கையை உயர்த்துங்கள், பார்ப்போம். சம்பளமில்லாத வேலை. வைத்தியரிடம் அம்மாவின் வயிற்றுவலியைச் சொன்னவர்கள், அகதி விண்ணப்பத்துக்கு வந்த கடிதத்தை உடைத்து அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வாசித்தவர்கள், ரீச்சர் தங்களைப் பற்றிச் சொன்ன குறையைத் தங்கள் வாயாலேயே இனிப்புத் தடவித் தமிழில் சொன்னவர்கள். எல்லோரும் இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஆட்கள். முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். எங்களில் ஒருவரும் ஒரு கடிதத்தையாவது ஒளிக்காமல் வளரவில்லை. இல்லை என்று சத்தியம் பண்ணாதீர்கள், நான் நம்பமாட்டேன்.

நான் ஒளித்தது கடிதம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் தந்த ஒரு கடதாசி.

மற்றவர்களுக்கு சுவிஸில் பேர்ன், சூரிச் என்று தமிழ்க்கடை திறக்கிற ஊர்கள் கிடைத்தன. எங்களுக்குக் கிடைத்தது வாலிஸ் மாநிலத்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு, அதிலும் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கு முந்திய ஊர். நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு கடை. வீடுகள் எல்லாம் வெயில் பட்டுக் கறுத்த மரம். முன்னுக்கு மலை, பின்னுக்கு மலை. குளிர் மாரியில் வெயில் பதினொரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடும். நாங்கள் மேல்மாடியில் இருந்தோம். கீழே வீட்டுக்காரியும் அவளுடைய முப்பது வயது மகனும். வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டில். மாட்டு மணம் பலகை இடுக்கால் மேலே வரும், எங்கள் வெங்காயத் தாளிதம் அதே இடுக்கால் கீழே போகும். இரண்டு குடும்பத்துக்கும் இடையில் இருந்த போக்குவரத்து பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்பா கீழே பட்டணத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினார். அங்கேயே தங்கி, திங்கட்கிழமை லீவுக்கு மட்டும் மஞ்சள் தபால் பஸ்ஸில் மேலே வருவார். மிச்ச ஆறு நாளும் அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி. எங்கள் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை ஒரு பிழையும் நடந்துவிடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

"சத்தமாக் கதைக்காத. யன்னலில நிக்காத. பள்ளிக்கூடம் விட்டா நேரா வீட்ட வா. ஆரும் எங்களைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது பிள்ளை."

ஆக, நான் போகக்கூடிய இடங்கள் இரண்டு. காலையில் பள்ளிக்கூடம். பின்னேரம் பால்வாளியோடு கொட்டில். மற்ற நேரமெல்லாம் அந்த இரண்டு அறை. தம்பி தரையில் காரோட்டுவான், அதற்கும் அம்மா "மெல்ல, மெல்ல" என்பார். கீழே இருந்தவர்கள் நாங்கள் வீட்டில் இருக்கிறோமா இல்லையா என்றே சந்தேகப்பட்டிருப்பார்கள். யன்னலில் நிற்கக் கூடாது என்றால் வேறு என்ன செய்வது, நான் யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து கண்ணை மட்டும் உயர்த்தி ஒழுங்கையில் சறுக்கி விளையாடுகிற பிள்ளைகளைப் பார்ப்பேன். மூச்சு முட்டும். அந்த வயதில் அதற்கு ஒரு பெயர் வைக்கத் தெரியவில்லை, வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தை மாதக் கடைசியில் பனி கொட்டத் தொடங்கியது. ஐந்து நாள் விடவேயில்லை. பள்ளத்தாக்கின் ஒரே தெருவை மூடிவிட்டார்கள். மலைச்சரிவில் குவிந்த பனி எந்த நேரமும் உருண்டு வரலாம் என்று ஊர் முடிவில் சிவப்பு வெள்ளைக் கம்பு ஒன்றைக் குறுக்கே போட்டார்கள். அப்பா கீழே, நாங்கள் மேலே. வீட்டுக்காரியின் டெலிபோனில் ஒருமுறை கதைத்தோம். "தெரு திறந்தவுடன வாறன்" என்றார் அப்பா. அம்மா "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். வீட்டுக்காரி பக்கத்தில் நிற்கிறாள், அவளுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் அம்மாவுக்கு அழக் கூச்சம்.

பிறகு ஒருநாள் ஹெலிகொப்டர் வந்தது. பாணும் மருந்தும் தபாலும் கொண்டுவந்தது. ஊர்ப் பிள்ளைகள் கையசைத்துக்கொண்டு ஓடினார்கள். எங்கள் வீட்டில் அம்மா எங்கள் இருவரையும் மேசைக்குக் கீழே இழுத்து, மேலே தான் படுத்துக்கொண்டார். சத்தம் போனபிறகும் அப்படியே கிடந்தார். அம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சீ, நாளைக்கு எல்லாரும் ஹெலிகொப்டரைப் பற்றிக் கதைப்பார்கள், நான் மட்டும் அதைக் காணவில்லை. அதுதான் நான்.

அடுத்த கிழமை ரீச்சர் எல்லோருக்கும் ஒரு கடதாசி தந்தார். மேலே கையால் வரைந்த ஒரு முகம். கோணல் வாய், மாட்டுப்பல், குழிந்த கண். அந்தப் பள்ளத்தாக்கில் மாசியில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாத ஆண்கள் ஆட்டுத்தோலைப் போர்த்து, இடுப்பில் மாட்டு மணி கட்டி, மரத்தில் குடைந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு மதியம் திரும்பியதும் ஊருக்குள் இறங்குவார்கள். அகப்பட்டவர்களைப் பிடித்து முகத்தில் பனியைத் தேய்த்துவிடுவார்கள். செகெத்தா என்று பெயர். மாலை மணி அடித்ததும் போய்விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். இதெல்லாம் கடதாசியில் எழுதியிருந்தது. ரீச்சர் என் மேசைக்கு வந்து கடைசி வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, முழு வகுப்புக்கும் கேட்க, "நீ இதை உன் அம்மாவுக்குக் கட்டாயம் விளங்கப்படுத்த வேண்டும்" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

எனக்கு அதற்கு முன்பே விஷயம் தெரியும். பக்கத்து மேசைப் பிள்ளை கிழமைக் கணக்கில் அதைத்தான் கதைத்தாள். போன வருடம் தன்னை மூன்று தரம் பிடித்தார்கள் என்று பெருமை. ஒருதரமும் பிடிபடாத பெண்பிள்ளை என்றால் ஊரில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது என்றுதான் அர்த்தம். எனக்கும் பிடிபட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இந்தக் கடதாசியை வாசித்தால் அம்மா என்ன சொல்வார்? பாலுக்குக்கூட விடமாட்டார். மடித்துப் புத்தகப்பையின் அடி மட்டைக்குக் கீழே செருகினேன்.

அடுத்த நாள் பின்னேரம் பால்வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கொட்டில் வாசலில் வாளியை வைத்துவிட்டுத் தேவாலயத்தடிக்கு ஓடினேன். முதலில் மணிச் சத்தம். பிறகு சுவர் மூலையால் அது வந்தது. கதவு உயரம். எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு சிதறினார்கள், நான் வேண்டுமென்றே மெல்ல ஓடினேன். பிடித்தது. ஒரு கை என் கழுத்தடியில், மற்றக் கை பனியை அள்ளி நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் தேய்த்தது. எரிந்தது. மூக்குக்குள் ஆட்டுத்தோல் நாற்றம். பக்கத்து மேசைப் பிள்ளை மதிலுக்குப் பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்த ஊரில் அதுவரை ஒருவரும் என்னைத் தொட்டதில்லை. கேளுங்கள், அவ்வளவு சந்தோசம் எனக்குப் பிறகு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணி வர வீட்டை நோக்கி ஓடினேன். அது மணியைக் குலுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. நான் வெளிப்படியில் ஏறிக் கதவைத் தட்ட, அம்மா திறந்தார். அவருடைய பார்வை என் தலைக்கு மேலால் போனது. படியடியில் முகமூடி அண்ணாந்து அம்மாவைப் பார்த்தது. பார்த்துவிட்டு, மெல்ல, ஒருதரம் தலையை ஆட்டியது.

அம்மா என்னை உள்ளே இழுத்த இழுவையில் என் மேலங்கிப் பொத்தான் தெறித்தது. கதவைப் பூட்டினார். அலுமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். எனக்கும் அந்த அலுமாரிக்கும் தெரியும், அதை இரண்டு ஆண்கள்தான் தூக்கி வைத்தார்கள்.

"தலையாட்டிப்போட்டான்," என்றார் அம்மா. "இஞ்சயும் வந்திட்டாங்கள். எங்களைப் பார்த்துத் தலையாட்டிப்போட்டான்."

உங்களுக்கு விளங்கும். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தால் ஊரைப் பள்ளிக்கூட வளவுக்குக் கூப்பிட்டு வரிசையில் நடத்துவார்கள். ஜீப்பில் ஒருவன் தலையில் சாக்கு மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு இருப்பான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். அம்மாவின் தம்பியை, என் மாமாவை, அப்படித்தான் கொண்டுபோனார்கள். அம்மா பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா திரும்பி வரவேயில்லை.

அம்மா என் முகத்தை முந்தானையால் துடைத்தார். "அழாதையம்மா, அழாதை. உன்னை என்ன செய்தவன்?" என்றார். என் சிரிப்பு அவருக்கு அழுகையாகத் தெரிந்தது. அந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அம்மா, இது விளையாட்டு, கடதாசி தந்தவை. சொன்னால் ஏன் ஒளித்தாய் என்று கேட்பார், ஏன் தேவாலயத்தடிக்குப் போனாய் என்று கேட்பார், அப்பாவிடம் போகும். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றிரவு சொல்ல நினைத்தேன். அடுத்த நாள் காலையில் சொல்ல நினைத்தேன். பொய் ஒரு நாள் பழசானால் அதைச் சொல்வது இரண்டு மடங்கு பாரம்.

நான்கு நாள் அடைந்து கிடந்தோம். பள்ளிக்கூடம் இல்லை, பால் இல்லை. வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள், பாணைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதை எடுக்கவிடவில்லை. விறகு முடிந்தது. விறகு கீழே தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தது, யார் போவது? அம்மா முதலில் தோடம்பழம் வந்த மரப்பெட்டியை எரித்தார், பிறகு வீட்டுக்காரியின் கதிரை ஒன்றைக் காலால் மிதித்து உடைத்தார். ஒரு கீறல் விழக்கூடாது என்று துணி விரித்து இருந்த கதிரை அது. ஒவ்வொரு பின்னேரமும் மணிச் சத்தம் ஒழுங்கையால் வரும்போது தம்பியின் வாயைப் பொத்திக்கொள்வார். அந்த நாலு நாளும் என்னை ஒருதரமும் ஏசவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தார். அந்தக் கை பட்டபோதெல்லாம் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலய மணி அடித்து ஊர் முழுக்க உள்ளே போனதும் அம்மா எழும்பினார். அப்பாவின் பழைய சப்பாத்துக்குள் பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டார். தம்பியைச் சேலையால் முதுகில் கட்டினார். அகதி அட்டைகளை நெஞ்சுக்குள் வைத்தார்.

"அப்பாட்டப் போவம். நடந்தே போவம். ஆரும் வர முந்திப் போயிடவேணும்."

தெருவை மூடியிருக்கிறது, பனி சரியும் என்றேன். அது அம்மாவுக்கும் தெரியும். பனி சரிந்தால் சரியட்டும் என்றார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. அப்போதும் சொல்லவில்லை. நான் கெட்டிக்காரியா, மிருகமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இடுப்பளவு பனி. சிவப்பு வெள்ளைக் கம்புக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டோம். தலைக்கு மேலே சரிவு சத்தமில்லாமல் நின்றது. பின்னால் யாரோ கத்தினார்கள். வீட்டுக்காரியின் மகன். பசு கன்று போடுகிறது என்று பூசைக்குப் போகாமல் கொட்டிலில் நின்றிருக்கிறான். முழங்கைவரை இரத்தம். அந்தக் கோலத்தில் ஓடிவந்து எங்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"உன் அம்மாவிடம் சொல். மேலே இருக்கிறது முழுக்க வரப்போகிறது. தயவுசெய்து திரும்பச் சொல்."

நான் சொன்னேன். அம்மா அவனுடைய கையைப் பார்த்தார்.

"மறிச்சு வச்சு அவங்களிட்டப் பிடிச்சுக் குடுக்கப் பாக்கிறான். விலகச் சொல்லு."

"என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டான். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பதினொரு வயது வாய்.

"அவவுக்கு உங்கட முகமூடிக்குப் பயம்," என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

அவன் அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு ஓடினான். கொட்டில் சுவரில் தொங்கியதைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்களுக்கு நாலு அடி தள்ளி நின்று அதை முகத்தில் வைத்தான். எடுத்தான். வைத்தான். எடுத்தான். ஒவ்வொரு தரமும் உள்ளே இருந்தது அதே வியர்த்த சிவப்பு முகம், எங்கள் அலுமாரியைத் தூக்கி மேலே கொண்டுவந்தவனின் முகம். அம்மாவின் முதுகில் தம்பி களுக்கென்று சிரித்தான். "இன்னொருக்கா," என்றான் தமிழில். வீட்டுக்காரியின் மகனுக்கு விளங்கிவிட்டது, இன்னொருதரம் வைத்தெடுத்தான்.

அம்மா கையை நீட்டினார். அவன் முகமூடியைக் கொடுத்தான். அம்மா அதைத் திருப்பி உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, நான் சாகும்வரை மறக்கமாட்டேன், அதைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நல்ல பாரமான மரம். அம்மாவின் தலை முன்னுக்குச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

"பாரத்தில தலை தானா ஆடுது பிள்ளை," என்றார் உள்ளே இருந்து. இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிமிர்த்தினார். "இந்த ஓட்டையால உன்ர முகம்கூட வடிவாத் தெரியேல்ல. அப்ப அவன் என்ர தம்பியை என்னெண்டு கண்டவன்?"

பனியில் குந்தியிருந்து அழுதார். முகமூடியைக் கழற்றவில்லை. மாமாவுக்காக அம்மா வாய்விட்டு அழுததை அன்றுதான் முதல்முதல் கேட்டேன். வீட்டுக்காரியின் மகன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தம்பியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான், நாங்கள் பின்னால் போனோம்.

படத்தில் என்றால் நாங்கள் வந்து சேர்ந்ததும் பனி சரிந்திருக்கும். அன்று ஒன்றும் சரியவில்லை. பசு கன்று போட்டது. கதிரையைப் பற்றி வீட்டுக்காரி ஒரு சொல்லும் கேட்கவில்லை, வேறு இரண்டு கதிரை கொண்டுவந்து வைத்தாள். மற்றக் கிழமை தெரு திறந்து அப்பா வந்தார். கடதாசியைக் கிழித்து அடுப்பில் போடலாம் என்று பை அடியில் தேடினேன், இல்லை. பள்ளிக்கூட வழியில் பனியில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று நிம்மதியானேன். இரண்டு வருடத்தில் முடிவு நல்லபடி வர, லாங்கன்தால் என்ற பட்டணத்துக்கு இடம்மாறினோம்.

போன மாதம் அம்மா வீடு மாறினார். எழுபது தாண்டிவிட்டது, மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. நான் சாமான் கட்டப் போனேன். பழைய அகதி அட்டைகள் வைத்த பிஸ்கட் டின்னைத் திறந்தால், மேலே நாலாக மடித்த ஒரு கடதாசி. கோணல் வாய், மாட்டுப்பல். நான் டின்னை மூடப் பார்த்தேன்.

"ஓ, அதோ," என்றார் அம்மா. "நீ ஒளிச்சு வச்சது. நீ பாலுக்குப் போன நேரம் உன்ர சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவுவம் எண்டு பையுக்க கை விட்டன். மட்டைக்குக் கீழ கிடந்தது. படத்தைப் பார்த்தவுடன விளங்கிப்போச்சு, முகமூடியோட வந்து பிடிக்கப் போறாங்கள் எண்டு எழுதி அனுப்பியிருக்கினம். கையில வச்சுக்கொண்டு நிக்க, நீ கதவைத் தட்டுறாய், கீழ அவன் நிக்கிறான்."

"அப்ப ஏனம்மா என்னை ஒண்டும் கேக்கேல்ல?"

"என்னெண்டு கேக்கிறது? அம்மா பயப்பிடுவா எண்டு பதினொரு வயசுப் பிள்ளை அதைத் தனியச் சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கு. பிறகு அது திருவிழா எண்டு தெரிய வந்தாப்போல, நீயும் என்னை மாதிரித்தான் பிழையா விளங்கியிருப்பாய் எண்டு நினைச்சன். எனக்கு அந்த நாலு நாளும் நெஞ்சு வெடிச்சுது, உன்னை நினைச்சு."

முப்பத்தைந்து வருடம். இந்த மனிசி முப்பத்தைந்து வருடம் என்னை அப்படி ஒரு பிள்ளை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். "என்னதான் எழுதியிருக்கு அதில? ஒருக்கா வாசியன்."

எங்கள் தொழில் தெரியும்தானே உங்களுக்கு. எந்த வரியைத் தாண்டலாம், எதை இனிப்பாக்கலாம் என்று கண் முன்னுக்கு ஓடும். ஓடியது. கோடு போட்ட கடைசி வரியில் வந்து நின்றது. நான் முதலில் இருந்து ஒன்றும் விடாமல் தமிழில் வாசித்தேன். மணி, ஆட்டுத்தோல், மாலை மணி, ஞாயிறு. கடைசி வரி: 'இது வெறும் விளையாட்டு. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் பயப்படாமல் இருக்க, பிள்ளைகள் இதை வீட்டில் கட்டாயம் விளங்கப்படுத்த வேண்டும்.'

அம்மா கடதாசியை வாங்கி அந்தக் கோட்டை விரலால் தடவினார். கனநேரம். நான் அடி விழும் என்று காத்திருந்த பிள்ளை மாதிரி நின்றேன், இந்த வயதில்.

"அப்ப உனக்கு எல்லாம் தெரியும்."

"ஓமம்மா."

"வெளியில போக ஆசையா இருந்திருக்கு."

"ஓம்."

"ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா விட்டிருப்பியளோ?"

அம்மா யன்னலைப் பார்த்தார். கீழே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டன்," என்றார்.